வித்தியாசமாக முளைத்த தக்காளிச் செடியைப் பிடுங்குவதற்கு முன்

திரியாய்க்குத் திரும்பி வந்து, வளவைத் துப்புரவாக்கி, கிணற்றை இறைத்து முதல் பாத்தி போடும்போது பெரும்பாலும் உங்கள் கையில் இரண்டு விதமான தக்காளி விதை இருக்கும். ஒன்று பைக்கற்றில் கிடைத்தது. மற்றது, இடம்பெயர்ந்து இருந்த இடத்தில் ஒரு பெரியம்மாவோ பக்கத்து வீட்டுக்காரரோ கடதாசியில் சுற்றித் தந்தது. இரண்டையும் நட்டால் சில செடிகள் மற்றவற்றைப் போல இருக்காது. ஒன்றின் இலை உருளைக்கிழங்கு இலை போல அகலமாக இருக்கும். இன்னொன்றின் காய் கொறுக்காய்ப்புளி போலப் பள்ளம் பள்ளமாக இருக்கும். வேறொன்று பழுத்த பிறகும் காம்புப் பக்கம் பச்சையாகவே நிற்கும். "விதை பிழைச்சுப் போச்சு" என்று பிடுங்கி எறிவது வழக்கம்.

சற்றுப் பொறுங்கள். அந்தச் செடி பழைய இனமொன்றின் பிறவிக் குணத்தைக் காட்டுவதாக இருக்கலாம். அப்படியானால் எறிந்த பிறகு அந்த விதையை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. நோய்ப்பட்ட செடியாகவும் இருக்கலாம். அப்போது அதை வைத்திருப்பது முழுப் பாத்திக்கும் ஆபத்து. எது என்று கண்ணால் பார்த்தே பெரும்பாலும் பிரித்துவிடலாம்.

நோயா, பிறப்பா?

பிறவிக் குணம் சிறு நாற்றிலேயே தொடங்கிவிடும். செடியின் எல்லா இலையும் ஒரே மாதிரி இருக்கும், செடி செழிப்பாக வளரும். நோய் அப்படியல்ல. நேற்று வரை நன்றாக நின்ற செடியின் புது இலைகள் மட்டும் சிறுத்து, மேல்நோக்கிச் சுருண்டு, ஓரம் மஞ்சளாகி, வளர்ச்சி நின்றால் அது வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருளல் வைரசு. அதைப் பிடுங்கி எரித்து விடுங்கள்.

இலை பச்சையாக இருக்கும்போதே செடி திடீரென வாடி விழுந்தால், அடித்தண்டில் ஒரு துண்டை வெட்டித் தெளிந்த தண்ணீர் உள்ள கண்ணாடிக் குவளையில் தொங்க விடுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் போன்ற நூல் இறங்கினால் அது பக்றீரியா வாடல். அந்தக் கிருமி மண்ணில் தங்கிவிடும். ஆகவே அதே இடத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் சில போகங்களுக்குத் தவிர்க்க வேண்டும். காயின் அடி கறுத்துக் குழி விழுவது நோயும் அல்ல, விதையின் குற்றமும் அல்ல. ஒருநாள் வெள்ளமாகவும் அடுத்த மூன்று நாள் வறட்சியாகவும் தண்ணீர் விடுவதால் காய்க்குச் சுண்ணாம்புச் சத்துப் போய்ச் சேராமல் வருவது.

உருளைக்கிழங்கு இலை

சாதாரணத் தக்காளி இலையின் ஓரம் வாள் பல் போல வெட்டுப்பட்டிருக்கும். சில பழைய இனங்களில் அந்த வெட்டு இல்லை. இலை அகலமாக, ஓரம் வழவழப்பாக இருக்கும். நாலைந்து இலை வந்ததும் தெரிந்துவிடும்.

ஒவ்வொரு செடிக்கும் ஒவ்வொரு குணத்துக்கும் இரண்டு பங்கு உண்டு. ஒன்று தாய் வழியில் வந்தது, மற்றது தந்தை வழியில் வந்தது. இரண்டு பங்கும் அகல இலைக்குரியதாக இருந்தால்தான் அகல இலை வரும். ஒன்று வாள் பல்லுக்குரியதாக இருந்தாலும் அதுவே வெளியே தெரியும், மற்றது ஒளிந்திருக்கும். அப்பாவிடம் இல்லாத மூக்கு பேரனுக்கு அப்பப்பாவிடமிருந்து வருவது போல, ஒளிந்திருந்த குணம் பின்னர் ஏறக்குறைய நாலில் ஒரு செடியில் வெளிப்படும்.

இதில் ஒரு நல்ல பயன் இருக்கிறது. நீங்கள் அகல இலைச் செடியிலிருந்து விதை எடுத்து நாற்றுப் போட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் வாள் பல் இலையோடு ஒரு நாற்று வந்தால், போன போகத்தில் தேனீயோ வண்டோ வேறு இனத்தின் மகரந்தத்தைக் கொண்டுவந்திருக்கிறது. அந்த நாற்று கலப்பு. பூக்கும் வரை காத்திருக்காமல் நாற்றுமேடையிலேயே அதைப் பிரித்துவிடலாம். இவ்வளவு சீக்கிரம் உண்மையைச் சொல்லும் குணங்கள் சிலவே.

நிறத்தைத் தோலில் பாருங்கள்

ஒரு சிவப்புத் தக்காளியையும் ஒரு இளஞ்சிவப்புத் தக்காளியையும் சுடுதண்ணீரில் போட்டுத் தோலை உரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பிள்ளைகளையும் கூப்பிடுங்கள், அவர்களுக்கு இது பிடிக்கும். சிவப்புப் பழத்தின் தோல் மஞ்சள். இளஞ்சிவப்புப் பழத்தின் தோலுக்கு நிறமே இல்லை. உள்ளே சதை இரண்டிலும் ஒரே சிவப்புத்தான். தோலின் ஒரே ஒரு குணம் மாறியதால் பழமே வேறு நிறமாகத் தெரிகிறது. சதையே மஞ்சளாக இருந்தால், லைக்கோபீன் என்னும் சிவப்புச் சாயத்தைச் செய்யும் வழி அந்த இனத்தில் அடைபட்டிருக்கிறது. மண்ணிறமாக, கறுத்துப் பழுக்கும் இனங்களில் பழுத்த பின்னும் பச்சையம் போகாமல் சிவப்போடு சேர்ந்து நிற்கிறது. இவை எல்லாம் உண்ணத் தகுந்தவை.

பழத்தின் தோளில் நிற்கும் பச்சையைப் பற்றி வியாபாரிகள் குறை சொல்வார்கள். உண்மையில் அதுதான் தக்காளியின் பழைய இயல்பு. ஒரே சீராகப் பழுக்கும் குணத்தைத் தேர்ந்தெடுத்து வளர்த்தவர்கள் சந்தைக்காகச் செய்தார்கள். 2012இல் வெளியான ஓர் ஆய்வு, அந்தச் சீரான குணம் காயில் பச்சையத்தைக் குறைத்து, பழத்தின் சீனியையும் குறைக்கிறது என்று காட்டியது. வீட்டுக் கறிக்கும் சம்பலுக்கும் என்றால் பச்சைத் தோளைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம்.

பள்ளம் விழுந்த காய்

காட்டுத் தக்காளியை வெட்டினால் உள்ளே இரண்டு அறைதான் இருக்கும். மனிதர் பெரிய காய்க்காகத் தெரிந்து வளர்த்தபோது அறைகள் கூடின. அறை கூடக் கூடக் காய் தட்டையாகி வெளியே வரி விழுகிறது. சிங்கள ஊர்களில் இதைக் கொரக்கா தக்காளி என்கிறார்கள். சாக்கில் ஏற்றித் திருகோணமலைச் சந்தைக்கு அனுப்ப இது சரிவராது, வெடித்துவிடும். அடுப்படிக்கு நல்லது.

செடியின் வளர்ச்சியையும் கவனியுங்கள். படர்ந்து ஏறிக்கொண்டே போகும் செடி மாதக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் காய் தரும். குட்டையாக நின்றுவிடும் செடி சில வாரத்துக்குள் ஒன்றாகக் காய்த்து முடிக்கும். இந்தக் குட்டைக் குணம் 1914இல் அமெரிக்காவின் புளோரிடாவில் ஒரு செடியில் தற்செயலாகத் தோன்றியது. வித்தியாசமாக இருக்கிறது என்று அன்று யாரும் அதைப் பிடுங்கி எறியவில்லை. விற்பதற்குக் குட்டை, வீட்டுக்கு ஏறுகொடி என்பது என் கருத்து.

உவர்க் கிணறும் கச்சான் காற்றும்

கடலோர வளவுகளில் சில கிணறுகள் உவர். தென்னமெரிக்காவுக்கு மேற்கே கலாபகோஸ் தீவுகளில் கடல் நீர் தெறிக்கும் பாறையில் ஒரு காட்டுத் தக்காளி வளர்கிறது. அதன் விதை லேசில் முளைக்காது. அங்குள்ள இராட்சத ஆமை தின்று கழித்த விதை நன்றாக முளைத்ததை சார்ள்ஸ் ரிக் என்ற விஞ்ஞானி 1961இல் எழுதினார். அந்த உப்புத் தாங்கும் குணம் நம் வீட்டு இனங்களில் இல்லை. ஆகவே நாற்றுக்காவது நல்ல தண்ணீர் விடுங்கள். மழைநீர் சேமித்திருந்தால் கலந்து விடுங்கள்.

கச்சான் வீசும் மாதங்களில் இரவும் சூடாக இருப்பதால் பூ கொட்டும். அது எந்த இனத்துக்கும் வரும். அந்த வெக்கையிலும் ஒரு செடி காய் பிடித்தால் அதில் ஒரு நாடாவைக் கட்டி வையுங்கள். விதைக்கு உகந்த செடி அதுதான்.

எந்த விதையை வைக்கலாம்?

பைக்கற்றில் எஃப் 1 என்று இருந்தால் அது இரண்டு இனத்தைச் சேர்த்த முதல் தலைமுறை. அந்தப் போகம் ஒரே சீராகக் காய்க்கும். அதன் விதையைப் போட்டால் ஒளிந்திருந்த குணங்கள் எல்லாம் வெளிவந்து ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு விதமாக இருக்கும். விற்பனைக்கு நம்பி நடாதீர்கள். கால் ஏக்கரில் ஒரு போகத்தை இப்படி இழந்தால், திரும்பி வந்த முதல் வருடத்தில் எழும்புவது கடினம். விவசாயத் திணைக்களத்தின் திலின, ராஜித, மஹேஷி போன்றவை கலப்பு அல்ல, அவற்றின் விதையை எடுத்து வைக்கலாம். பெரியம்மா தந்த பழைய விதையும் அப்படித்தான், வேறு இனத்தோடு கலக்காமல் இருந்தால்.

தக்காளிப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே சினைப்படும். ஆனால் பூவின் நடுவிலுள்ள மஞ்சள் கூம்புக்கு வெளியே பச்சை ஊசி போல ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் கலப்பு எளிது. பழைய இனங்களிலும் கடும் வெக்கையிலும் அப்படி நீட்டும். விதைக்கு விடும் பூங்கொத்தை மலர முதலே மெல்லிய துணிப்பையால் மூடி, காய் பிடித்ததும் பையைக் கழற்றி நூல் கட்டி அடையாளம் வையுங்கள்.

நன்றாகப் பழுத்த பழத்தைப் பிழிந்து, விதையைச் சாற்றோடு ஒரு கோப்பையில் ஒன்றிரண்டு நாள் புளிக்க விடுங்கள். மேலே ஆடை படிந்து விதை அடியில் இறங்கியதும் கழுவி, பீங்கான் தட்டில் நிழலில் காய விடுங்கள். கடதாசியில் போட்டால் ஒட்டிக்கொள்ளும். நன்கு காய்ந்த விதையை இறுக்கி மூடிய போத்தலில் வைத்தால் நாலு வருடம் வரை முளைக்கும்.

யாருமில்லாத வளவில் தானாக முளைத்த சிறு தக்காளி கண்ணில் பட்டால் ஆசை வரும். கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்படாத காணிக்குள் அதற்காகக் கூட இறங்க வேண்டாம்.

போத்தலின் மேல் தந்தவர் பெயர், ஊர், இலை, நிறம், விதை எடுத்த மாதம் எல்லாம் எழுதி ஒட்டுங்கள். அரிதான குணம் என்று தோன்றினால் உங்கள் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். கன்னொறுவையில் விவசாயத் திணைக்களத்தின் தாவர மரபணு வள நிலையம் நாட்டின் பழைய பயிரினங்களின் விதைகளைக் குளிரறையில் பாதுகாக்கிறது. அங்கு அனுப்ப வழி கேளுங்கள். பாதி விதையைக் கொடுங்கள், மறுபாதி உங்கள் போத்தலில் இருக்கட்டும்.