தூய பாலுக்குத் தூய தீவனம்

பால் சுத்தம் என்றதும் கழுவிய பாத்திரமும் கழுவிய மடியும்தான் நினைவுக்கு வருகின்றன. இவை அவசியமே. நோயற்ற மடியில் சுரக்கும் பாலில் நுண்ணுயிர்கள் மிகக் குறைவு. கறப்பவர் கை, மாட்டின் வால், சாணத் தூசி, பழைய பால் ஒட்டிய தூக்குவாளி ஆகியவற்றாலேயே அவை பெருமளவில் சேருகின்றன. கறந்த சூட்டில் சுமார் அரைமணிக்கு ஒருமுறை இரு மடங்காகப் பெருக வல்லவை. ஆகவே, ஒவ்வொரு காம்பிலும் முதல் இரண்டு பீச்சைத் தனிக் கிண்ணத்தில் கறந்து, திரியோ இரத்தமோ உள்ளதா என்று பார்த்து ஒதுக்கிவிட்டு, எஞ்சிய பாலைத் தாமதமின்றிச் சங்கத்தில் சேர்க்க வேண்டும். குளிரூட்டும் நிலையத்தில் 4 டிகிரி செல்சியசுக்குக் குளிர்வித்து, பின்னர் பால் பண்ணையில் 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கும்போது நோய்க் கிருமிகள் அழிகின்றன.

ஆனால் குளிருக்கும் நெருப்புக்கும் அடங்காத ஒன்று உண்டு. அதுவே அஃப்ளடாக்சின் என்னும் பூஞ்சண நச்சு. இது வாளியில் விழுவதில்லை. மாட்டின் வாய் வழியாக வருகிறது.

1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் மடிந்தன. தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கில் இந்த நச்சு இருந்ததைப் பின்னர் கண்டறிந்தனர். கறவை மாடு இதை உண்டால் உடனே சாவதில்லை. ஈரலில் உருமாறிய நச்சு, ஒரே நாளில் பாலில் இறங்கிவிடுகிறது. நாள்பட உட்கொள்ளும் மனிதருக்கு ஈரல் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. கொழுப்புச் சோதனையிலோ லாக்டோமீட்டரிலோ, ஏன், ருசியிலோ கூட இது தெரியாது.

நம் மாநிலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எண்ண வேண்டாம். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-இல் நாடெங்கும் நடத்திய பால் ஆய்வில், தமிழ்நாட்டு மாதிரிகள் 551-இல் 88-இல் இந்த நச்சு வரம்பை மீறியிருந்தது. வரம்பு, ஒரு கிலோ பாலுக்கு அரை மைக்ரோகிராம். அதாவது ஒரு கிராமில் இருபது இலட்சத்தில் ஒரு பங்கு.

பெரம்பலூர்ப் பகுதியில் மக்காச்சோளமும், அரியலூர்ப் பகுதியில் நிலக்கடலையும் மிகுதி. இரண்டுமே இப்பூஞ்சணத்துக்கு உகந்தவை. அறுவடைச் சமயம் மழை பிடித்தால் கதிரில் மஞ்சள் கலந்த பச்சைப் பூஞ்சணம் படரும். வியாபாரி கழித்த அந்தக் கதிரை, "மாட்டுக்குத்தானே" என்று தொழுவத்தில் கொட்டுவது நம்மிடையே உள்ள பழக்கம். அந்தப் பாலை முதலில் குடிப்பது நம் வீட்டுக் குழந்தையே. கழித்த கதிரைக் கோழிக்கும் போடாமல் குழியிலிட்டு மூடிவிடுங்கள். பூஞ்சணத்தைத் தட்டிவிட்டு வெயிலில் உலர்த்தினாலும், கழுவினாலும் நச்சு போகாது.

நல்ல கதிரை மண்தரையில் கொட்டாமல் தார்ப்பாயில் காயவையுங்கள். மணியின் ஈரம் 12 சதவிகிதத்துக்கு இறங்க வேண்டும். கடித்தால் நறுக்கென்று உடைவதே வீட்டு அளவுகோல். மூட்டைகளைப் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். பிண்ணாக்கை மழைக் காலத்தில் ஒரு வாரத்துக்கு மேல் வாங்கி வைக்க வேண்டாம். வாங்கும்போதே ஒரு துண்டை உடைத்து முகர்ந்து பாருங்கள். முடை நாற்றமோ பூஞ்சணமோ இருந்தால் திருப்பிக் கொடுங்கள். தவறி மாடு தின்றுவிட்டால் அத்தீவனத்தை அன்றே நிறுத்துங்கள். நான்கைந்து நாளில் பாலில் நச்சு வெகுவாகக் குறையும். அதுவரை அந்த மாட்டின் பாலைத் தனியே கறந்து கொட்டிவிடுங்கள்.