சீத்தா பூத்தும் காய்க்கவில்லையா? மகரந்தத்தைக் கையால் சேருங்கள்

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் சித்திரை, வைகாசியில் சீத்தா மரம் நிறையப் பூக்கும். அதில் பெரும்பகுதி பிஞ்சாகாமலே உதிர்ந்துவிடும். சத்து போதவில்லை என்று எருவைக் கொட்டுவது வழக்கம். ஆனால், தழைத்து நிற்கும் மரத்தில் குறை பெரும்பாலும் வேரில் இல்லை. மகரந்தச் சேர்க்கையில் இருக்கிறது. இதற்குக் கோணல் காயே சாட்சி. சீத்தாப்பழத்தின் ஒவ்வொரு புடைப்பும் தனித்தனிச் சூலகத்திலிருந்து வளர்வது. மகரந்தம் எட்டாத பக்கம் வளராமல் சப்பையாக நின்றுவிடும். சத்துக்குறைவுதான் காரணம் என்றால் காய் முழுவதும் சிறுத்திருக்க வேண்டுமே!

சீத்தாப் பூவில் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் உண்டு; இரண்டும் ஒரே நேரத்தில் தயாராவதில்லை. தடித்த மூன்று இதழ்களும் லேசாக விலகும்போது சூல்முடி பிசுபிசுப்பாக இருக்கும். இதழ்கள் நன்றாக விரிந்து மகரந்தம் உதிரும்போது சூல்முடி காய்ந்துவிடும். ஆகவே ஒரு பூவின் மகரந்தம் இன்னொரு பூவுக்குப் போயாக வேண்டும். அந்த வேலையைச் செய்பவை மிகச் சிறிய வண்டுகள். தேனீக்கள் இந்தப் பூவை நாடுவது குறைவு. அக்னி நட்சத்திர வெயிலின் வறட்டுக் காற்றும் சூல்முடியைச் சீக்கிரம் உலர்த்திவிடுகிறது.

செய்முறை எளிது. முதல் நாள் மாலை, விரியத் தொடங்கிய சில பூக்களைப் பறித்து, நிழலில் ஒரு தாளில் பரப்பி வையுங்கள். காலையில் அவற்றைத் தட்டினால் மகரந்தம் உதிரும். அதை அன்றே பயன்படுத்திவிடுங்கள். வெயில் ஏறுமுன், இதழ் லேசாக விலகிய பூக்களாகத் தேர்ந்தெடுங்கள். இதழை மெல்ல அகற்றி, மெல்லிய தூரிகையில் மகரந்தத்தைத் தொட்டு, நடுவிலுள்ள கூம்பைச் சுற்றி எல்லாப் பக்கமும் படும்படி தடவுங்கள். ஒரே பக்கம் தடவினால் காய் மறுபடியும் கோணலாகும். தடவிய பூக்காம்பில் நூல் கட்டி அடையாளம் வையுங்கள். மெல்லிய நுனிக்கிளைப் பூக்களை விட்டுவிட்டுத் தடித்த கிளைகளில் உள்ளவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். மரத்தடியில் சருகு மூடாக்கிட்டு ஈரம் காத்தால் பிஞ்சு நிற்கும்.

துணைக்கு இன்னொரு மரம் வேண்டாமா என்று கேட்கலாம். குளிர்நாட்டு இனிப்புச் செர்ரியில் பெரும்பாலான ரகங்களுக்கு வேறு ரகத்தின் மகரந்தம் வேண்டும். சீத்தாவோ தன் மரத்து மகரந்தத்தையே ஏற்கும். ஈரக்காற்று வரும் ஆடி, ஆவணியில் தானாகவே காய்க்குமே என்றால், அதுவும் உண்மைதான். ஆனால் அதற்குள் முன்பருவப் பூக்கள் வீணாகிவிடும். ஒவ்வொரு பூவாகத் தடவுவது நடக்கிற காரியமா என்ற தயக்கமும் வேண்டாம். சீத்தாவின் உறவுப்பழமான செரிமோயாவுக்கு ஸ்பெயினின் கிரானடா கடலோரத் தோட்டங்களில் கையால்தான் மகரந்தம் சேர்க்கிறார்கள். அவர்களுக்குத் தோப்பு முழுக்க வேலை; நமக்கு வீட்டில் இருப்பது ஒரே மரம்.

அடுத்த பருவத்தில் உரமூட்டையை வாங்குமுன் இருபது பூக்களுக்கு இதைச் செய்யுங்கள். இருபது பூக்களை அப்படியே விடுங்கள். எதில் பிஞ்சு நிற்கிறது என்று எண்ணிப் பார்த்து, நீங்களே முடிவு செய்யுங்கள்.