ஓட்டோவின் ஹான்ட் பிறேக் இறுகிக்கொண்டால்

விடியப்புறம் நாலு மணி. முதல்நாள் பின்னேரம் பிடுங்கிய கத்தரிக்காய் இரண்டு மூட்டையும் ஓட்டோவில் ஏற்றியாயிற்று. எஞ்சின் ஸ்டார்ட் வந்துவிட்டது. கியரைப் போட்டால் முனகுகிறதே தவிர வண்டி அசையவில்லை. ஹான்ட் பிறேக் லீவர் கீழே இறங்கித்தான் இருக்கிறது. ஆனால் பின் சில்லு பிடித்தபடி நிற்கிறது. இரண்டு கிழமையாக மழையில், ஹான்ட் பிறேக் போட்டபடியே முற்றத்தில் நின்ற வண்டி அது.

"அண்ணை, நல்லா றேஸ் பண்ணி ஒரு இழுவை இழுங்கோ, கழண்டிடும்" என்றான் அயல்வீட்டுப் பெடியன். அண்ணையும் இழுத்தார். 'டொக்' என்றொரு சத்தம் கேட்டது. வண்டி புறப்பட்டது. சந்தைக்குப் பாதி தூரம் போகமுன்பே கருகின மணம் வந்தது. சந்தை பிந்திவிடும் என்று அவர் நிற்கவில்லை. மதகடியில் மாடொன்று குறுக்கே வர, கால் பிறேக்கை மிதித்தார். பெடல் பஞ்சுபோல அடிவரைக்கும் போயிற்று. வேலிக் கதியால்தான் வண்டியை நிறுத்தியது. ஆளுக்குச் சிராய்ப்போடு போயிற்று. திருத்த வேலைக்கு இரண்டு மாத லீசிங் காசு போயிற்று.

இது எங்கள் அயலில் நடந்தது. தோட்டம் ஓரிடமும் குடியிருப்பு வேறிடமுமாக வாழ்கிற குடும்பங்களுக்கு ஓட்டோ ஆடம்பரமல்ல. காணிக்குப் போவதும், விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோவதும், இரவில் பிள்ளைத்தாச்சியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றுவதும் அதே வண்டிதான். 2020 முதல் ஐந்து வருடமளவில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததால் நம்மிடையே ஓடுபவற்றிற் பல பழைய வண்டிகள். 2022இல் பெற்றோல் இல்லாமல் நாட்கணக்கில் நின்றபோது இறுகிய பிறேக்குகளும் உண்டு. ஆகவே இறுகிய பிறேக்கை எப்படி ஆராய்வது, எதுவரை நாமே செய்யலாம், எங்கே கையை எடுக்க வேண்டும் என்பதை இங்கே பார்ப்போம்.

பிறேக் எப்படி வேலை செய்கிறது?

கால் பிறேக்கும் ஹான்ட் பிறேக்கும் இரண்டு வேறு வழியால் வந்து ஒரே இடத்தில் முடிகின்றன. காலால் மிதிக்கும்போது பிறேக் ஓயில் குழாய் வழியே தள்ளப்பட்டு, சில்லுக்குள் இருக்கும் பிறை வடிவான இரண்டு 'சூ'க்களை விரிக்கிறது. சூவில் ஒட்டியிருக்கும் லைனர், சுற்றுகிற இரும்பு ட்றம்மின் உட்பக்கத்தில் உரசி அதை நிறுத்துகிறது. ஹான்ட் பிறேக்கில் ஓயில் இல்லை. லீவரை இழுத்தால் ஒரு கேபிள் இழுபடும். அது ட்றம்மின் பின்புறத்தில் இருக்கும் சிறிய கையை இழுக்கும். அந்தக் கை உள்ளே அதே சூக்களை விரிக்கும். விட்டவுடன் சூக்களை உள்ளே இழுத்துக்கொள்வது ஸ்பிறிங்கின் வேலை. நம்முடைய ஓட்டோக்களில் ஹான்ட் பிறேக் பின் சில்லு இரண்டையும் பிடிக்கும்.

அப்படியானால் இறுகக்கூடிய இடங்கள் மூன்று: கையால் பிடிக்கும் லீவர், நடுவிலுள்ள கேபிள், முடிவிலுள்ள ட்றம். இந்த மூன்றில் எது என்று தெரியாமல் கைவைப்பவர்தான் நல்ல பொருளையும் உடைக்கிறார்.

முதலில் வண்டியைக் கட்டிப்போடுங்கள்

இறுகியிருக்கும் பிறேக்தான் இப்போது வண்டியை நிறுத்தி வைத்திருக்கிறது. அது விடுபடும் கணத்தில் வண்டி உருளும். அதன் கீழே உங்கள் கை இருக்கலாம், விளையாடுகிற பிள்ளை பின்னால் நிற்கலாம். ஆகவே முதல் வேலையாக மட்டமான தரையில், முன் சில்லுக்கு முன்னாலும் பின்னாலும் மரக்கட்டையை ஆப்புப்போல இறுக்கி வையுங்கள். தூக்காத பின் சில்லுக்கும் வையுங்கள். கியரை நியூட்றலில் விட்டு எஞ்சினை நிறுத்துங்கள்.

ஒரு பக்கத்தை ஜக் போட்டுத் தூக்கினால் உடனே சட்டத்தின் கீழே தடித்த மரக்குற்றியை அடுக்கிவிட வேண்டும். ஜக்கை மாத்திரம் நம்பிக் கீழே தலையை நீட்டக் கூடாது. சீமெந்துக் கல் வேண்டாம். அது பாரம் தாங்குவதுபோல இருந்து திடீரென்று நொருங்கும்.

எங்கே பிடித்திருக்கிறது?

லீவரை முதலில் பாருங்கள். பொத்தானை அழுத்தியும் லீவரே இறங்காவிட்டால் குறை அங்கேதான். பல்லுச் சக்கரத்தில் கொழுவி நிற்கும் நாக்கு துரு ஏறியோ மண் அடைத்தோ எழும்பாமல் நிற்கும். லீவரை மேலும் ஒரு பல்லு மேலே இழுத்து, பொத்தானை அழுத்தியபடி இறக்கினால் பெரும்பாலும் விடும். பிறகு துப்புரவாக்கி ஒரு சொட்டு ஓயில் விட்டாற் போதும்.

லீவர் கீழே வந்தும் சில்லு விடவில்லையென்றால் ஓர் ஆளை லீவரடியில் இருத்திவிட்டு, ட்றம்மின் பின்புறத்தில் கேபிள் வந்து பூட்டும் இடத்தைப் பாருங்கள். லீவரை ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். லீவர் கீழே இருக்கும்போது கேபிள் இன்னும் விறைப்பாக நின்றால் கம்பி உறைக்குள் இறுகிவிட்டது. உறை எங்காவது வெடித்திருக்கும், அதனூடாக நீர் இறங்கித் துருப்பிடித்திருக்கும். கேபிள் தளர்ந்து தொங்கியும் சில்லு சுற்றாவிட்டால் கேபிளில் பிழையில்லை. சிக்கல் ட்றம்முக்குள்ளே. சின்னக் கையின் அச்சாணி துருப்பிடித்திருக்கும், அல்லது ஸ்பிறிங் உடைந்திருக்கும், அல்லது லைனர் ட்றம்மோடு துருவால் ஒட்டிக்கொண்டிருக்கும். மாரியில் நின்ற வண்டிக்குக் கடைசியாகச் சொன்னதே அதிகம் வருவது.

சில வண்டிகளில் ஒரே கேபிள் பின்னால் இரண்டாகப் பிரியும். சிலவற்றில் தொடக்கத்திலிருந்தே இரண்டு கேபிள். எப்படியென்றாலும் ஒவ்வொரு பின் சில்லையும் தனித்தனியாகத் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். அநேகமாக ஒன்றுதான் பிடித்திருக்கும்.

ஹான்ட் பிறேக் நன்றாகத் தளர்ந்திருந்தும், கால் பிறேக்கை மிதித்து விட்ட பிறகே சில்லு பிடிக்கிறதென்றால் அது வேறு வியாதி. ஓயில் வழியில், பெரும்பாலும் சில்லுச் சிலிண்டரில் இறுக்கம். அதை வீட்டில் தொடாமல் மெக்கானிக்கிடம் விடுவதே புத்தி.

விடுவிக்கும் விதம்

லைனர் ஒட்டியிருந்தால் பொறுமைதான் ஆயுதம். நியூட்றலில், ஆப்புக்களை ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டு, இரண்டு பேர் வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். விடாவிட்டால் மீண்டும் ஆப்பை இறுக்கி, பக்கத்தைத் தூக்கி, ட்றம்மின் மேல் ஒரு பலகைத் துண்டை வைத்துச் சுற்றிவரச் சுத்தியலால் தட்டுங்கள். ஒரே இடத்தில் ஓங்கி அடிக்க வேண்டாம். வார்ப்பிரும்பு வெடிக்கும். தட்டுவதும் சுற்றிப் பார்ப்பதுமாக மாறி மாறிச் செய்தால் 'படக்' என்று விடும்.

கேபிள் இறுகியிருந்தால் அதன் நுனியிலுள்ள சரிசெய்யும் நட்டைத் தளர்த்தினால் சில்லு விடும். எத்தனை சுற்றுத் தளர்த்தினீர்கள் என்று எண்ணி ஒரு துண்டில் எழுதி வையுங்கள். திரும்பப் பூட்டும்போது அந்த எண் வேண்டும். அதோடு, இப்போது உங்களுக்கு ஹான்ட் பிறேக் இல்லை என்பதையும் வீட்டில் வண்டி ஓடுகிற எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். கராஜுக்குப் போகும்வரை எங்கு நிறுத்தினாலும் ஆப்பு வைக்க வேண்டும்.

கழற்றிய கேபிளைச் செங்குத்தாகக் கட்டித் தொங்கவிட்டு, மேல் நுனியில் பொலித்தீன் துண்டைப் புனல்போலச் சுற்றிக் கட்டி எஞ்சின் ஓயிலை விடுங்கள். இரவு முழுக்க இறங்கிக் கீழ் நுனியில் சொட்ட வேண்டும். கம்பியில் ஓர் இழை அறுந்திருந்தாலும், உறை வெடித்திருந்தாலும் எண்ணெய் போட்டு மினக்கெட வேண்டாம். புதியதை மாற்றுங்கள். ஒரு கேபிளின் விலை, ஓர் ஆளின் காலை விட அதிகமில்லை.

செய்யக் கூடாதவை இரண்டு உண்டு. முதலாவது, ட்றம்முக்குள் மண்ணெண்ணெயோ தேங்காயெண்ணெயோ ஓயிலோ ஊற்றுவது. துருவுக்கு எண்ணெய் விட்டால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் லைனர் அதைக் குடித்துவிடும். பிறகு எவ்வளவு மிதித்தாலும் வழுக்கும். அந்த லைனரைக் கழுவிப் பாவிக்கவும் முடியாது.

இரண்டாவது, அந்தப் பெடியன் சொன்னது. எஞ்சினால் இழுத்தால் சில்லு விடும் என்பது உண்மை. ஆனால் விடுவது துரு மட்டுமல்ல, லைனரே சூவை விட்டுக் கழன்றுவிடலாம். கழன்ற துண்டு ட்றம்முக்கும் சூவுக்கும் நடுவே சிக்கி ஓட ஓட உரசும். உரச உரசச் சூடு, சூடு ஓயிலுக்கு ஏறும். பிறேக் ஓயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. பரவலாகப் பாவிக்கப்படும் டொட் 3 வகை ஓயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது அதன் தரவிதி. ஈரம் ஏறிய பிறகோ அந்த அளவு 140 பாகையாகக் குறைந்துவிடும். கொதித்த ஓயிலில் ஆவிக் குமிழ் உண்டாகும். மிதிக்கும் பலமெல்லாம் அந்தக் குமிழை நசுக்கவே சரியாகிவிடும். மதகடியில் பெடல் பஞ்சுபோல் போனதற்குக் காரணம் இதுதான். ஆறியபின் பெடல் பழையபடி இறுக்கமாக வரும். அதை நம்பித் திரும்ப ஓடக் கூடாது.

ஆகையால் கருகின மணம் வந்தாலோ, வண்டி கட்டிப்போட்டதுபோல இழுத்தாலோ, கியரை இறக்கி வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்துங்கள். சூடான ட்றம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், தொட்டும் பார்க்காதீர்கள். புறங்கையைச் சற்றுத் தள்ளிப் பிடித்தாலே எந்தச் சில்லு என்று தெரிந்துவிடும். ஆறவிட்டுக் கேபிளைத் தளர்த்திப் பாருங்கள். அதற்கும் சில்லு விடவில்லையென்றால் மூட்டையை வேறு வண்டியில் அனுப்புங்கள்.

ட்றம்மைக் கழற்றினால்

இது பழகிய கையின் வேலை. ஆனால் கராஜில் வேலை பழகும் பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சொல்: ட்றம்மைத் திறந்ததும் வாயால் ஊதியோ காற்றுக் குழாயால் அடித்தோ தூசை அகற்றுவது நம் கராஜுகளில் வழமை. அதை விட்டுவிடுங்கள். பழைய லைனர்கள் பலவற்றில் கல்நார் உண்டு. அதன் தூள் நெஞ்சுக்குள் போய்ப் பல வருடங்களுக்குப் பிறகு நுரையீரலைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். மூக்கில் துணி கட்டினாலும் அந்த நுண்தூள் நிற்காது. முதலில் தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையிற் கட்டிப் போட்டுவிடுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றுங்கள். ஸ்பிறிங் எந்தத் துளையில் கொழுவியிருந்தது என்று மறந்தால் மற்றப் பக்கத்தைப் பார்த்துப் பூட்டலாம். சூ மாற்றினால் இரண்டு சில்லுக்கும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பிறேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். மூன்று சில்லில் அது பிரளவும் காரணமாகும்.

பூட்டி முடிந்ததும், லீவர் கீழே இருக்கும்போது இரண்டு பின் சில்லும் கையால் தடையின்றிச் சுற்ற வேண்டும். லீவரை இழுத்ததும் இரண்டும் ஒன்றாகப் பிடிக்க வேண்டும். பிறகு வெறும் வண்டியைச் சிறிய ஏற்றத்தில், ஒருவர் ஆப்போடு நிற்க, நிறுத்திப் பாருங்கள்.

பொத்தான் பிறேக்

இப்போது வரும் புதிய கார்களிலும், கனடாவிலுள்ள நம்மவர்கள் தெருவிற் காணும் 'ஸ்பைடர்' என்ற மூன்று சில்லு மோட்டார் சைக்கிளின் சில மாதிரிகளிலும் லீவர் இல்லை, பொத்தான்தான். அழுத்தினால் சிறிய மின் மோட்டார் பிறேக்கை இறுக்கும். கராஜ் பிள்ளைகள் இதைக் கண்டு மிரள வேண்டியதில்லை. கையின் இடத்தில் மோட்டார் இருக்கிறது, அவ்வளவுதான்.

விடாவிட்டால் இங்கேயும் முதலில் ஆப்பு. பிறகு சாவியைப் போட்டு, கால் பிறேக்கை மிதித்தபடி பொத்தானை அழுத்துங்கள். பல வண்டிகளில் மிதிக்காவிட்டால் விடாதபடியே அமைத்திருக்கிறார்கள். காதைக் கொடுத்துக் கேளுங்கள். மோட்டார் சத்தமே இல்லையென்றால் மின்சாரக் குறை, பற்றறியைப் பாருங்கள். ஓய்வில் நிற்கும் 12 வோல்ற் பற்றறி நிறைந்திருந்தால் 12.6 அளவில் காட்டும், 12க்குக் கீழே போனால் அநேகமாக வெறுமை. முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைத் துப்புரவாக்குங்கள். எரிந்த பியூசுக்கு அதே அம்பியர் அளவே போட வேண்டும், செப்புக் கம்பி சுற்றினால் வண்டியே எரியும். மோட்டார் உறுமியும் சில்லு விடவில்லையென்றால் பழைய கதைதான்: கேபிளிலோ சில்லிலோ துரு. மோட்டாருக்கு நேரே பற்றறி வயர் கொடுத்து விடுவிக்கப் பார்க்காதீர்கள். உள்ளே இருக்கும் சிறிய பல்லுச் சக்கரங்கள் உடைந்துவிடும். கையால் விடுவிக்கும் வழி இருந்தால் அது அந்த வண்டியோடு வந்த கைநூலில் இருக்கும்.

மாரிக்கு முன்

ஐப்பசிக்கு முன் கேபிள் உறையை ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். மழை நாட்களில் வண்டி இரண்டு மூன்று நாள் நிற்கப் போகிறதென்றால் ஹான்ட் பிறேக் போட வேண்டாம். எஞ்சினை நிறுத்தி முதலாம் கியரில் விட்டு, முன் சில்லுக்கு ஆப்பு வையுங்கள். மின்சார ஓட்டோவில் கியரால் நிற்கும் என்று நம்பக் கூடாது. அங்கே ஆப்புத்தான் பாதுகாப்பு. வெள்ளம் பாயும் பாதையைக் கடந்து வந்தால், ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓடியபடி கால் பிறேக்கை இலேசாகப் பலமுறை மிதித்து லைனரைக் காயவிட்டு, அதன் பிறகே முற்றத்தில் நிறுத்துங்கள்.

மூட்டை கட்டும் இடத்திலேயே இரண்டு ஆப்புக்கட்டையையும் ஒரு கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டால் தேடித் திரிய வேண்டியதில்லை. எங்கள் அயலவர் இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறார். பழைய பாலைமரத் துண்டு, வேலிக் கதியாலுக்குப் பக்கத்தில் கிடந்தது.