மருத்துவமனையும் கூட்டுழைப்பும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல்)

ஊர் கூடித் தேர் இழுப்பது நம் வழக்கம். வடம் பிடிப்போர் ஆயிரம் பேர் இருப்பினும், சக்கரத்திற்கு முட்டுக்கட்டை இடுபவர் கை தவறினால் தேர் நிலை தடுமாறும். பொது மருத்துவமனையும் அத்தகைய தேரே. பொருளற்றோர்க்கு அதுவே கதி. அங்கே தலைமை வழி தவறினால் விளைவது என்ன?

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டு நகரப் பொது மருத்துவமனை 2006-07ஆம் ஆண்டில் ஒரு கோடி பவுன் சிக்கனம் செய்ய முற்பட்டது. தன்னாட்சித் தகுதி பெறுவது நிர்வாகத்தின் நோக்கம். அதன்பொருட்டுப் பணியிடங்கள் குறைக்கப்பட்டன. செவிலியர் போதாமையால் நோயாளிகள் உணவும் நீரும் உரிய நேரத்தில் கிட்டாது தவித்தனர். அவசரப் பிரிவுக்கு வந்தோரை 4 மணி நேரத்திற்குள் கவனித்து முடிக்க வேண்டும் என்பது இலக்கு. இலக்கைக் காட்டக் காத்திருந்த நேரமே மாற்றி எழுதப்பட்டது. குறை கூறிய செவிலியர் மிரட்டலுக்கு ஆளாயினர். ஏனையோர் அஞ்சி வாய் மூடினர். 2008இல் விரும்பிய தகுதியும் கிடைத்தது! அடுத்த ஆண்டே உண்மை வெளியாயிற்று. வழக்கறிஞர் இராபர்ட் பிரான்சிஸ் நடத்திய விசாரணை 2013இல் 290 பரிந்துரைகளை அளித்தது.

இதனால் அறிவது யாது? பணியாளரின் மனநிறைவு சம்பளத்தோடு முடிவதன்று. போதிய ஆள் துணை, சொல்லுக்கு மதிப்பு, உண்மை உரைத்தால் தண்டனை இல்லை என்னும் நம்பிக்கை ஆகியவையும் சேர்ந்ததே மனநிறைவு. அது குலைந்தால் முதலில் துன்புறுபவர் நோயாளியே.

இதற்கு மாறான சான்றும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2008இல் அறுவை சிகிச்சைக்கென 19 குறிப்புகள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. கத்தி வைக்குமுன் அனைவரும் தம் பெயரையும் பணியையும் கூற வேண்டும். முடிவில் கருவிகள், பஞ்சுகள், ஊசிகளின் எண்ணிக்கை சரி எனச் செவிலியர் உறுதி கூற வேண்டும். புதுடெல்லி உட்பட 8 நகரங்களின் மருத்துவமனைகளில் இதனை ஆராய்ந்தபோது இறப்பு 100க்கு 1.5இலிருந்து 0.8ஆகக் குறைந்தது, சிக்கல்கள் 11இலிருந்து 7ஆகக் குறைந்தன. புதிய எந்திரம் எதுவும் வாங்கப்படவில்லை. பெரிய மருத்துவரையும் ஒரு கணம் நிறுத்திக் கேட்கும் உரிமை செவிலியர்க்குக் கிட்டியது.

‘எல்லாம் சரிதானே?’ என்று கேட்பது எளிது. ‘இல்லை’ என்னும் விடையைப் பொறுமையோடு கேட்பதே தலைமை. கடைநிலைப் பணியாளரும் அச்சமின்றிப் பேசும் மருத்துவமனையே ஏழைக்குப் பாதுகாப்பான மருத்துவமனை எனலாம்.