கனசதுரம் எண்முகமாவது: மின்வழியில் தாமிர ஆக்ஸைடுப் படிகம் வளர்க்கும் முறை

கற்கண்டுப் பாகில் நூலைத் தொங்கவிட்டு, பாத்திரத்தை அசைக்காமல் பல நாள் காத்திருந்து, பிறகு அந்நூலைச் சுற்றிப் பளபளக்கும் முகங்களைக் கண்டவர்களுக்குப் படிகத்தின் முதல் நியதியை விளக்குவது எளிது. விரைந்து வளரும் முகம் தன் வேகத்தாலேயே குறுகி மறைந்துபோக, மெதுவாக வளரும் முகமே விரிந்து நிலைத்து, முழு உருவத்தையும் தன்வசமாக்கிக் கொள்கிறது. ஆகையால் எந்த முகம் வேண்டுமோ அதை வளர்க்க முயலக்கூடாது. அதன் வளர்ச்சியைத் தாமதப்படுத்தவேண்டும்.

இதைப் பயில்வதற்குத் தாமிர ஆக்ஸைடுகளில் ஒன்றான குப்ரஸ் ஆக்ஸைடைவிடத் தகுந்த பொருளை நான் அறியேன். அதன் படிகத்தில் (100) என்று குறிக்கப்படும் ஆறு முகங்கள் மெதுவாக வளர்ந்தால் கனசதுரமும், (111) என்று குறிக்கப்படும் எட்டு முகங்கள் மெதுவாக வளர்ந்தால் எண்முகமும் கிடைக்கும். (100) திசையில் வளரும் வேகத்தை (111) திசையில் வளரும் வேகத்தால் வகுத்துவரும் விகிதம் 0.58 ஆனால் கனசதுரம், 1.73 ஆனால் எண்முகம், இடையில் 0.87 அளவில் இரண்டு வகை முகங்களும் கலந்த வடிவம்.

முதலில் கண்ணாடி. இண்டியம் டின் ஆக்ஸைடு பூசிய கண்ணாடித் துண்டை எடுத்து, மின்சாரம் கடத்தும் பக்கம் எது என்று மல்டிமீட்டரால் அறிந்து, சோப்புக் கரைசல், அசிட்டோன், ஆல்கஹால், காய்ச்சி வடித்த நீர் ஆகியவற்றில் முறையே அல்ட்ராசானிக் தொட்டியில் வைத்துக் கழுவவேண்டும். இடுக்கியாலன்றி விரலால் தொடலாகாது. ரேகை பதிந்த இடத்தில் படிகம் ஒழுங்காக அமைவதில்லை.

பிறகு கரைசல். படிக நீர் மூன்று கொண்ட காப்பர் நைட்ரேட் 0.48 கிராமைக் கரைத்து 100 மில்லிலிட்டர் ஆக்கினால் 0.02 மோலார் கரைசல் கிடைக்கும். அதை நீர்த்தொட்டியில் வைத்து 60 டிகிரி உஷ்ணத்தில் நிலைநிறுத்தி, ஆவியாகாதபடி மூடி, கண்ணாடியை எதிர்மின்வாயாகவும், பிளாட்டினத்தை நேர்மின்வாயாகவும், வெள்ளி–வெள்ளி குளோரைடு மின்வாயை ஒப்பீட்டுக்காகவும் பொருத்துக. இரண்டு தாமிர அயனிகள் ஆளுக்கொரு எலெக்ட்ரானைப் பெற்று, நீரிலிருந்து ஆக்ஸிஜனை எடுத்துக்கொண்டு ஆக்ஸைடாகப் படிகின்றன. அப்போது வெளிப்படும் ஹைட்ரஜன் அயனிகள் மின்வாயின் அருகே அமிலத்தன்மையைக் கூட்டுகின்றன என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

மின்னழுத்தத்தில்தான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள். முதலில் வேறொரு கண்ணாடித் துண்டில் அழுத்தத்தை எதிர்மின் திசையில் மெல்ல நகர்த்தி, மின்னோட்டம் எழத் தொடங்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, அதன் அடிவாரத்திலேயே வேலை செய்யவேண்டும். அதற்கு மேல் துணிந்து சென்றால், மின்வாயருகே அயனிகள் வற்றி, துருத்திக்கொண்டிருக்கும் மூலைகளே புதிய அயனிகளை முந்திப் பெற்று, முகங்களுக்குப் பதிலாகச் செடியின் கிளைகள்போல் கிளைத்துவிடும். இன்னும் சென்றால் ஆக்ஸைடே இல்லாமல் வெறும் தாமிரம் படியும். படிகம் வளரத் தொடங்கும் வித்துக்கள் போதவில்லையென்றால், ஒரு கணம் மட்டும் அழுத்தத்தைக் கூட்டி வித்துக்களைப் பிறப்பித்து, உடனே பழைய இடத்திற்குத் திரும்பலாம். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கூலும் மின்னூட்டம் முழுவதும் ஆக்ஸைடாகிச் சீராகப் படிந்தால் அடுக்கின் கனம் ஏறத்தாழ 1.24 மைக்ரான், தனித்தனிப் படிகங்கள் வேண்டுவோர் 0.1 கூலுமிலேயே நிறுத்திப் பார்க்கலாம்.

இப்போது கண்ணாடியின்மேல் கனசதுரங்கள் இருக்கும். அதைக் கழுவி, அதே அளவு காப்பர் நைட்ரேட்டும் அதே உஷ்ணமும் உடைய இரண்டாவது கரைசலுக்கு மாற்றுக. இதில் கூடுதலாக இருப்பது, ஷாம்பு நுரைப்பதற்காகச் சேர்க்கும் சோடியம் டோடெசில் சல்ஃபேட். 100 மில்லிக்கு 0.1 கிராமில் தொடங்கி, பல பாத்திரங்களில் படிப்படியாகக் கூட்டிச் சோதிப்பது உத்தமம். (111) முகத்தில் பிணைப்பு நிறைவுறாத தாமிர அயனிகள் வெளிப்பட்டிருப்பதால், எதிர்மின்னேற்றமுடைய சல்ஃபேட் தலை அங்கே சென்று ஒட்டிக்கொண்டு, அம்முகத்தின் வளர்ச்சியைத் தடுக்கிறது. கால இடைவெளி விட்டு எடுத்த துண்டுகளை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வரிசையாகப் பார்த்தால், முதலில் கனசதுரத்தின் எட்டு மூலைகளும் கத்தியால் சீவியதுபோல் சிறு முக்கோணங்களாகி, அவை விரிய விரியச் சதுர முகங்கள் சுருங்கி, இறுதியில் எண்முகம் மட்டும் நிற்கும். கியோங்-ஷின் சோய் குழுவினர் 2004-இல் வெளியிட்ட ஆய்வின் அழகே, வளர்ந்த படிகத்தை இவ்வாறு உருமாற்றிக் காட்டியதுதான்.

தொடர்ச்சியான அடுக்கு வேண்டுவோருக்கு வேறு வழி உண்டு: 0.4 மோலார் மயில்துத்தமும் 3 மோலார் லாக்டிக் அமிலமும் கலந்து, சோடியம் ஹைட்ராக்ஸைடால் காரமாக்கிய கருநீலக் கரைசல். இங்கே பி.எச். 9 ஆனால் (100) திசையிலும், 12 ஆனால் (111) திசையிலும் அடுக்கு நிமிர்ந்து வளர்வதை ஸ்விட்சர் குழுவினர் 1996-இல் காட்டினர். காரம் சேர்க்கையில் கரைசல் மிகவும் சூடேறுவதால், பனிக்கட்டியில் வைத்துச் சிறிது சிறிதாகச் சேர்ப்பதும், கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிவதும் அவசியம். நான் ஒருமுறை அந்தச் சூட்டிலேயே பி.எச். பார்த்து எழுதிவைத்து, இரண்டு வாரம் வரை திசை கலந்த அடுக்குகளையே பெற்று வருந்தினேன். ஆறவைத்து மறுபடி அளந்தபோதுதான் பிழை எங்கே என்று தெரிந்தது.

அடுக்கைக் கழுவி உலர்த்தியபின் எக்ஸ்ரே சிதறல் எடுத்துப் பார்க்கவேண்டும். தாமிர எக்ஸ்ரேயில் 36.4 டிகிரியில் (111) சிகரமும், 42.3 டிகிரியில் (200) சிகரமும் தோன்றும்; இவற்றின் உயர விகிதமே திசையைச் சொல்லும். 43.3 டிகிரியில் ஒரு சிகரம் தலைகாட்டினால் அது உலோகத் தாமிரம். அழுத்தத்தைக் குறைத்துப் புதிய கண்ணாடியோடு மறுபடி தொடங்குக. பயன்படுத்திய கரைசலைச் சாக்கடையில் ஊற்றாமல், தாமிரக் கழிவுக்கென்று வைத்த புட்டியில் சேர்த்துவிட வேண்டும்.