சின்னஞ்சிறு சிப்பாய்க்கு வண்ணம் தீட்டுதல்

பொழுதுபோக்கு வேறு, கல்வி வேறு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். நானும் அவ்வாறு எண்ணியிருந்தவன்தான். கரோல்பாக்கில் எங்கள் வீட்டு மாடி அறையில், விரல் நுனி அளவுள்ள சிப்பாய் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டத் தொடங்கிய பிறகே அந்த எண்ணம் மாறியது. மாற்றியவர் என் பாட்டியார். அதைப் பின்னர்க் கூறுகிறேன். முதலில் இக்கலையின் இயல்பை அறிவோம்.

சிப்பாய் பொம்மை ஐரோப்பாவில் நெடுங்காலமாக இருந்து வருவது. 1893ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வில்லியம் பிரிட்டன் நிறுவனத்தார், உட்புறம் கூடாக இருக்குமாறு ஈயத்தை வார்க்கும் முறையைக் கையாண்டனர். ஈயம் குறைவாகச் செலவானதால் விலையும் குறைந்தது. பொம்மைகள் எளியோர் வீடுகளுக்கும் வந்தன. எச். ஜி. வெல்ஸ் 1913இல், இத்தகைய பொம்மைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டைப் பற்றி ஒரு நூலே எழுதினார். இன்று பிளாஸ்டிக்கிலும் ரெசினிலும் உலோகக் கலவையிலும் இவை கிடைக்கின்றன.

பொம்மைகளுக்குப் பல அளவுகள் உண்டு. நான் தீட்டுபவை 72இல் ஒரு பங்கு அளவின. 172 சென்டிமீட்டர் உயரமுள்ள மனிதன் இவ்வளவில் 2.4 சென்டிமீட்டர் ஆகிவிடுகிறான். இதில் ஒரு சிறு கணக்கு உண்டு. இப்பொம்மையை 30 சென்டிமீட்டர் தொலைவில் வைத்துப் பார்த்தால், உண்மை மனிதனை ஏறத்தாழ 22 மீட்டர் தொலைவில் நிறுத்திப் பார்ப்பதற்கு ஒப்பாகும். அத்தொலைவில் நிற்பவரின் கண்ணில் வெள்ளை விழி தெரியுமா? தெரியாது. ஆகவே கண்ணுக்கு ஒரு கருங்கோடே போதும். புதிதாகப் பழகுவோர் இரு வெண்புள்ளிகளை வைத்து, வீரனைத் திகிலடைந்தவனாக்கி விடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன்.

இனிச் செய்முறையைக் காண்போம்.

முதலாவது, பொம்மையைச் சோப்பு நீரில் கழுவி உலர்த்த வேண்டும். அச்சிலிருந்து எளிதாக எடுப்பதற்காகத் தடவிய பொருள் ஒட்டியிருந்தால் வண்ணம் பிடிக்காது. அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில் ஒரு மெல்லிய வரம்பு நிற்கும். அதைக் கத்தி முனையால் சுரண்டிவிட வேண்டும்.

இரண்டாவது, பொம்மையை ஒரு மருந்துக் குப்பியின் மூடிமேல் ஒட்டிக்கொண்டு, சாம்பல் நிற அடிப்பூச்சைக் கொடுக்க வேண்டும். அதன்பின் உடை, தொப்பி, தோல் ஆகியவற்றின் நிறங்களை இட வேண்டும். வண்ணம் நீர்மோர்ப் பதத்தில் இருக்கட்டும். கெட்டியான ஒரு பூச்சைவிட நீர்த்த இரண்டு பூச்சுகள் நல்லவை. கெட்டி வண்ணம் பொத்தானையும் மூக்கையும் மூடிவிடும்.

மூன்றாவது, நிழலும் ஒளியும். இதுவே கலையின் உயிர். நம் சட்டையின் மடிப்பில் நிழல் தானாகவே விழுகிறது. சிறு பொம்மையின் மடிப்போ ஆழமற்றது. அதில் விழும் நிழல் நம் கண்ணுக்கு எட்டாது. எனவே நாமே நிழலைத் தீட்ட வேண்டும். கரும்பழுப்பை நன்கு நீர்த்துத் தடவினால், அது பள்ளங்களில் சென்று தங்கும். அது உலர்ந்தபின், சற்று வெளிறிய வண்ணத்தில் தூரிகையைத் தோய்த்து, துணியில் பெரும்பாலும் துடைத்துவிட்டு, மேடுகளின்மீது லேசாக உரசினால் அங்கே ஒளி பிறக்கும். கடைசியில் பளபளப்பற்ற வார்னிஷ் ஒரு பூச்சு.

ஓர் எச்சரிக்கை: தூரிகையை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கம் கூடாது. பழைய பொம்மைகள் பல ஈயத்தால் ஆனவை. அவற்றைத் தொட்டபின் கைகளைக் கழுவாமல் உணவைத் தொடலாகாது.

இவற்றையெல்லாம் கற்று, அகன்ற விளிம்புத் தொப்பி அணிந்த ஒரு சிப்பாயைத் தீட்டி முடித்தேன். என் பாட்டியாரின் தந்தையார் இரண்டாம் உலகப் போரில் சென்னைச் சாப்பர்ஸ் படைப்பிரிவில் இருந்து, பர்மாவில் பாலம் அமைக்கும் பணி செய்தவர். அவருடைய படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. அவரை எண்ணியே தீட்டினேன். பாட்டியாரிடம் பெருமையோடு கொண்டுபோய்க் காட்டினேன்.

"யாருடா கண்ணு, இந்த வெள்ளைக்காரன்?" என்றார்.

"உங்க அப்பாதான், பாட்டி."

"எங்கப்பாவா? அவர் நல்ல கறுப்பு ஆச்சே. சட்டை பச்சையாயில்ல இருந்துச்சு, நீ ஏன் மஞ்சளா பூசியிருக்கே?"

1946இல் அவர் ஊர் திரும்பியபோது பாட்டியாருக்கு ஆறு வயது. வேலூருக்கு அருகே அவர்கள் வீட்டுக் கிணற்றடிக் கொடியில் அந்தச் சட்டை காய்ந்தது அவருக்கு நினைவிருக்கிறது.

நான் வெட்கினேன். தோல் நிறம் என்று பெயரிட்டிருந்த குப்பியை வாங்கி அப்படியே பூசியிருந்தேன்; அது ஐரோப்பியரின் இளஞ்சிவப்பு. யாருடைய தோல் என்று நான் கேட்கவில்லை. சிப்பாய் என்றால் காக்கி என்றும் முடிவு செய்துவிட்டேன். காக்கி என்ற சொல்லின் வேர் மண்ணையும் புழுதியையும் குறிக்கும் பாரசீகச் சொல். மண் எல்லா இடத்திலும் ஒரே நிறமா? நூல்களைப் புரட்டினேன். வட ஆப்பிரிக்காவின் பாலைவனத்தில் நம் வீரர் அணிந்தது வெளிறிய பருத்திக் காக்கி. பர்மாக் காடுகளில் 1943 தொடங்கிப் பச்சை உடை வந்தது. அதே சாப்பர்ஸ் பிரிவின் சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் ஒரு கண்ணிவெடியின்மேல் விழுந்து, தம் உடலால் தோழர்களைக் காத்து உயிர்நீத்தார். ஜார்ஜ் கிராஸ் விருது பெற்றார். இத்தாலியின் குளிர்காலத்துக்கு உரியதோ தடித்த கம்பளி உடை. ஒரே படைப்பிரிவு, ஆனால் இடத்துக்கு இடம், ஆண்டுக்கு ஆண்டு வேறு நிறம்.

வேறொரு பொம்மையை எடுத்தேன். பச்சையை இட்டு, பலமுறை துவைத்த துணிபோல் அதை வெளிறச் செய்தேன். முகத்துக்குக் கரும்பழுப்பில் தொடங்கி, ஒளிபடும் நெற்றிக்கும் கன்னத்துக்கும் காவி மஞ்சளைச் சிறிது சிறிதாகக் கலந்தேன். இங்கே வெள்ளையைக் கலக்கலாகாது. கலந்தால் முகம் சாம்பல் பூத்துவிடும்.

பாட்டியார் அதை வாங்கி நெடுநேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. தம் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டார். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. பிழையான முதற்பொம்மை என் மேசைமேல் நிற்கிறது.

நண்பர்களே, இக்கலைக்கு வேண்டுவன ஒரு நல்ல தூரிகை, ஐந்தாறு வண்ணங்கள், கொஞ்சம் பொறுமை. ஆனால் தூரிகையை நனைக்குமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இவர் யார்? எங்கே நின்றார்? எந்த ஆண்டில்? விடை நூலகத்தில் இருக்கலாம். உங்கள் வீட்டுத் திண்ணையிலும் இருக்கலாம். திண்ணையில் இருப்பவரை முதலில் கேளுங்கள்.