ஹெல்மெட்டுக்குள் பாட்டு: வண்டியே வேலையாக இருப்பவர்களுக்கு

மெடிக்கல் ரெப், சாப்பாடு டெலிவரி, பம்ப்செட் சர்வீஸ், ஃபைனான்ஸ் வசூல் என்று கோவையில் எந்த வெளிவேலைக்குப் போனாலும் நாளில் நாலைந்து மணி நேரம் வண்டியில்தான் போகும். அவ்வளவு நேரம் பாட்டில்லாமல் ஓட்டுங்கள் என்று சொல்ல எனக்கு மனசு வராது. எதில் கேட்கிறீர்கள் என்பதை மட்டும் யோசித்து வாங்குங்கள்.

விற்பனைப் பிரதிநிதியாக இருந்தபோது நானும் இரண்டு காதிலும் பட்ஸ் செருகிக்கொண்டுதான் சூலூரிலிருந்து பல்லடம் போவேன். ஒருநாள் காரணம்பேட்டை தாண்டியதும் முன்னால் போன டெம்போவை முந்த வலப்பக்கம் ஒதுங்கினேன். பின்னால் ஒரு ரூட் பஸ் ஏர்ஹாரனை அமுக்கிக்கொண்டே வந்திருக்கிறது. கண்ணாடி முழுக்க அதன் முகம் தெரிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. உரசாமல் போய்விட்டது, சட்டையை இழுத்த அந்தக் காற்று இன்னும் நினைவிருக்கிறது. காதை ரப்பரால் அடைக்கும் எதையும் வண்டியில் போடாதீர்கள். வெளிச்சத்தத்தைக் குறைக்கும் வசதி உள்ள பட்ஸ் இன்னும் மோசம்.

பாட்டுக்குச் செலவழிப்பதற்கு முன் ஹெல்மெட்டைப் பாருங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சலே 90 டெசிபலைத் தொடும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது பொள்ளாச்சி, உடுமலை ரோட்டில் கேட்கவே வேண்டாம். அந்த இரைச்சலை மீறத்தான் நாம் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறோம். ஐஎஸ்ஐ முத்திரை உள்ள முழுமுக ஹெல்மெட்டை மாட்டி, கையால் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். கன்னத்துத் தோலும் கூடவே திரும்பினால் அளவு சரி. ஹெல்மெட் மட்டும் தனியாகச் சுற்றினால் ஒரு சைஸ் குறைத்து வாங்குங்கள்.

என் கணக்கில் ஹெல்மெட் ப்ளூடூத்தான் சிறந்தது. தட்டையான இரண்டு ஸ்பீக்கர்கள் காதுக்குள் நுழையாமல், உள்பஞ்சுக்கு அடியில் உட்காரும். காதுத் துளைக்கு நேராக இருக்க வேண்டும். அரை அங்குலம் விலகினாலும் பாட்டு மங்கிவிடும். கடையில் ஒட்டித் தந்த இடத்தோடு விடாமல் நீங்களே நகர்த்தி நகர்த்திப் பாருங்கள். இடம் போதவில்லை என்று உள்ளே இருக்கும் தெர்மாகோலை மட்டும் குடையாதீர்கள், தலையைக் காப்பது அதுதான். ஐபி67 தரம் இருந்தால் மழைக்குத் தாங்கும். பட்டன் கையுறையோடு அமுக்கும் அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும். தனியாக ஓட்டுகிறவர்கள் இரண்டு வண்டிக்காரர்கள் பேசிக்கொள்ளும் இன்டர்காமுக்குப் பணம் கொட்ட வேண்டாம்.

எலும்பு வழியாக ஒலி கடத்தும் ஹெட்செட் காதைத் திறந்தே வைக்கும். ஆனால் அதன் கம்பி ஹெல்மெட்டுக்கு அடியில் கன்ன எலும்பை அழுத்தலாம் என்பதால், ஹெல்மெட்டோடு கடைக்குப் போய்ப் போட்டுப் பாருங்கள். ஹேண்டில்பாரில் மாட்டும் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம், ஊருக்குத்தான் கேட்கும்.

எதை வாங்கினாலும் லட்சுமி மில் சிக்னலில் நிற்கும்போது பக்கத்து ஆட்டோக்காரர் பேசுவது காதில் விழ வேண்டும். விழாவிட்டால் சத்தம் அதிகம். 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம் என்பது தொழிலிடங்களுக்கான ஒரு கணக்கு. அதன்மேல் கூடும் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். சோமனூரில் ஒரு ஷிஃப்ட் முழுக்கத் தறிச் சத்தத்தில் நின்றவருக்கு அன்றைய அளவு ஷெட்டிலேயே தீர்ந்திருக்கும். வீடு திரும்பும் வழியில் அவர் காதுக்கு ஓய்வு கொடுப்பதே நல்லது.

போனைக் கையில் எடுக்காதீர்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டம் 184ஆம் பிரிவு அதை ஆபத்தான ஓட்டுதலில் சேர்க்கிறது. முதல் தடவைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு, சிறைக்கும் இடமுண்டு. ஹேண்டில்பாரில் மாட்டினாலும் எஞ்சின் அதிர்வு கேமராவைக் கெடுக்கலாம் என்று 2021இல் ஆப்பிளே எச்சரித்தது. பாட்டு வரிசையைக் கிளம்பும் முன்பே போட்டு, போனைப் பையில் வையுங்கள்.

பாட்டைவிட மேனேஜரின் அழைப்பு கவனத்தை அதிகம் இழுக்கும். பல ப்ளூடூத் கருவிகளில் அழைப்பைத் தானாக எடுக்கும் வசதி இருக்கும். வாங்கிய அன்றே அதை அணைத்துவிடுங்கள். மணி அடித்தால் அடிக்கட்டும். அடுத்த புளியமர நிழலில் வண்டியை ஓரங்கட்டி, "வண்டில இருந்தேனுங்க சார், இப்பச் சொல்லுங்க" என்றால் போதும்.